வெள்ளிக்கிழமைக் காற்று

தங்கை இறந்து மூன்று வருடம் கழித்து அவளுடைய சக்கர நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். சர்க்கரை நோய் என் வலது காலை முழங்காலுக்குக் கீழே கேட்டு வாங்கிக்கொண்டது. கேட்டு வாங்கியது என்று சொல்வதுகூட என் கௌரவத்துக்காகத்தான். பாதத்தில் வந்த கொப்புளத்தை இரண்டு மாதம் பார்க்காத மாதிரி இருந்தேன். அந்த வித்தையில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து பல்லாவரம் வீட்டுக்கு வந்த அன்றே என் மனைவி புது நாற்காலி வாங்கலாம் என்றாள். பால்கனியில் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒன்று நின்றுகொண்டிருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்டேன். எங்கள் பாத்ரூம் கதவு குறுகல். அதற்குள் நுழைகிற அகலத்தில் தங்கை சொல்லிச் செய்யவைத்த வண்டி அது. கம்பியில் துரு இல்லை, சீட்டில் கிழிசல் இல்லை. காற்று மட்டும் மனைவி வெளியே கொண்டுபோய் அடித்து வந்தாள்.

"உங்களால அதுல உக்கார முடியுமா?" என்று மனைவி கேட்டாள்.

"ஒரு கால் இல்லாதவனால உக்கார மட்டும்தான் முடியும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

முதல் நாளிலிருந்தே அந்த வண்டி எனக்கு அடங்கவில்லை. நேராகத் தள்ளினால் இடது பக்கம் போகும். கையால் தள்ளுகிற வளையத்தில் இரண்டு இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. என் கை எங்கே பிடித்தாலும் கடைசியில் அந்த இடத்துக்கே போய் நின்றது. முன்பக்கத்துச் சின்னச் சக்கரங்களில் ஒன்று சுற்றுக்கு ஒரு தரம் கிறீச்சிடும். அந்தச் சத்தம் பல வருடம் எங்கள் வீட்டுக்குள் நடமாடிய சத்தம். அதைக் கேட்டுத்தான் அவள் சமையலறையில் இருக்கிறாளா, ஜன்னலோரம் இருக்கிறாளா என்று கண்டுபிடிப்போம். இப்போது நான் போகிற இடமெல்லாம் அது கூட வந்தது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் சமையலறை வாசலில் நான் போய் நின்றபோது மனைவி திரும்பிப் பார்த்து ஒரு பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவந்தது என் பெயர் இல்லை.

இரண்டாவது மாதம் ஒரு காலையில் கட்டிலிலிருந்து வண்டிக்கு மாறும்போது, பிரேக் போட்டிருந்தும் வண்டி விலகியது. மனைவி ஓடி வந்து பிடித்ததால் விழாமல் தப்பினேன். என்னைக் கட்டிலில் உட்காரவைத்தவுடன் அவள் செய்த முதல் காரியம், குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தது. ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு அடிபட்டதா என்று கேட்டாள்.

அவள் ஏன் தரையைத் தடவினாள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

என் தங்கைக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா அப்பா போன பிறகு எங்களோடு இருந்தாள். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துச் சம்பாதித்தாள். வாரத்தில் ஆறு நாள் மெஷினே கதியென்று இருப்பவள், ஏழாவது நாளான வெள்ளிக்கிழமை மட்டும் யார் சொல்லையும் கேட்கமாட்டாள். அன்று மட்டும் கூடும் பல்லாவரம் பழைய சாமான் சந்தைக்குத் தானே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். உச்சி வெயிலில் கூட்டம் குறையும், சக்கரத்துக்கு வழி கிடைக்கும் என்று பன்னிரண்டு மணி வாக்கில் கிளம்புவாள். வாங்கி வருவதெல்லாம் உருப்படாத சாமான். மூடி இல்லாத ஜாடி, ஓடாத கடிகாரம், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள். சாவிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். "எந்த வீட்டைத் திறக்கப் போறே?" என்று கேட்டால், "உன் வீட்டைத்தான்ணா, அதுதான் எப்பவும் பூட்டியே கிடக்கு" என்பாள்.

ஒரு தடவை பஸ் ஒன்று உரசிக்கொண்டு போய், முழங்கையில் சிராய்ப்போடு வந்தாள். அன்றிலிருந்து எனக்குப் பயம். பயம் மட்டும் என்று சொன்னால் பொய். காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவர், "உங்க தங்கச்சி வெயில்ல தனியா வண்டி தள்ளிட்டுப் போச்சு சார், பாக்கவே பாவமா இருந்துச்சு" என்றார். அந்தப் பாவம் எனக்கு அவமானமாகப் பட்டது. நான் கூட வருகிறேன் என்று சொன்னேன். "நீ வந்தா பேரம் பேச விடமாட்டே" என்று மறுத்துவிட்டாள். போகாதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கலாம். சண்டை வந்திருக்கும், அழுதிருப்போம், ஏதாவது ஒரு முடிவுக்கு வந்திருப்போம். நான் வேறு வழி கண்டுபிடித்தேன்.

எங்கள் தெரு முனையில் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்கு முன்பே ஷட்டரை இறக்கிவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போவார். சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத்தான் திறப்பார். ஆகவே பன்னிரண்டு மணிக்கு ஒரு டயரில் காற்று இல்லையென்றால் மூன்று மணி வரை இல்லைதான். வீட்டில் இருந்த பம்பை வாஷர் போய்விட்டது என்று சொல்லிப் பரணில் ஏற்றினேன். தங்கை முகம் கழுவப் போகும்போது வண்டியை வெளியே விட்டுவிட்டு, குட்டி ஸ்டூலில் நகர்ந்து பாத்ரூமுக்குள் போவாள். அந்த ஐந்து நிமிடம் எனக்குப் போதும். இடது டயரின் மூடியைக் கழற்றி, நடுவில் இருக்கும் ஊசியை அமுக்க வேண்டும். நகத்தால் அமுக்கினால் வலிக்கும் என்று அவளுடைய டப்பாவிலிருந்தே ஒரு சாவியை எடுத்துக்கொள்வேன், முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுவேன். உஸ்ஸென்ற சத்தம் கேட்காமலிருக்க இருமுவேன்.

"என்னண்ணா, வெள்ளிக்கிழமை ஆனா உனக்கு இருமல் வந்துடுது?" என்று உள்ளேயிருந்து கேட்பாள்.

எல்லா வாரமும் செய்யவில்லை. மாதத்துக்கு இரண்டு தடவை. அவள் வண்டியில் ஏறி, சக்கரம் அமுங்குவதைப் பார்த்து, "போச்சுடா" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்புவாள். மறுநாள் நல்ல அண்ணனாக நானே சக்கரத்தைக் கழற்றி பாயிடம் எடுத்துப் போவேன். "சின்ன பஞ்சர்தான் சார், ஒட்டிட்டேன்" என்று திருப்பித் தருவார். நான் இறக்கிய டயரில் நிஜமாகவே ஒரு ஓட்டையும் இருந்திருக்கும் என்று வசதியாக நம்பிக்கொண்டேன். ஒரு தடவைகூட அதற்குக் காசு வாங்கியதில்லை. அவள்மேல் இரக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் அவள் விழுந்தாள். ஸ்டூலிலிருந்து வண்டிக்கு மாறும்போது வண்டி விலகி, இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆனது, பிறகு நெஞ்சில் சளி கட்டியது, பத்தொன்பதாம் நாள் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் காலையிலேயே தண்ணீர் விட்டு வீடு முழுக்கத் துடைப்பது வழக்கம். ஆம்புலன்ஸில் ஏறும்போது நான் மனைவியைப் பார்த்து, "ஈரத்தைக் காயவிடாம வெச்சிருக்கே" என்று கத்தினேன். துக்கத்துக்கு வந்தவர்களிடமும் ஈரத் தரை என்றேன். அதற்குப் பிறகு அவள் வெள்ளிக்கிழமை வீடு துடைத்ததில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் துடைப்பாள், ஃபேனைப் போட்டுக் காயவைப்பாள், காய்ந்ததா என்று கையால் தடவிப் பார்ப்பாள். மூன்று வருடமாக அதைப் பார்த்துக்கொண்டு நான் பேப்பர் படித்தேன்.

நான் விழப்பார்த்த அன்று வண்டியை நன்றாகப் பார்த்தோம். பால்கனி வெயிலில் நின்று நின்று டயர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. டயர் மாற்றியே ஆக வேண்டும் என்றாள் மனைவி. ஆட்டோவில் தாம்பரம் போனோம். ஆஸ்பத்திரிச் சாமான் விற்கும் கடைக்காரர், "டயர் தனியா வராது சார், புது வண்டியா எடுத்துக்கங்க" என்றார். நோயாளி என்றால் எல்லாவற்றையும் முழுசாகத் தலையில் கட்டலாம் என்ற நினைப்பு. திட்டிவிட்டு வந்தேன். அப்புறம் போனில் தேடி, இருபத்துநாலு அங்குலம் என்று போட்டிருந்த டயர் ஒரு ஜோடி வரவழைத்தேன். பழைய டயரிலும் இருபத்துநாலுதான் போட்டிருந்தது. ஆனால் புது டயரை என்ன செய்தும் ரிம்மில் உட்காரவைக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் பாய் கடைக்குப் போகலாம் என்றேன். மூன்று வருடமாக அந்தக் கடைப்பக்கம் நான் போகவில்லை.

மனைவி என்னைத் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு, காய்கறி வாங்கி வருகிறேன் என்று போனாள். பாய் என்னைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தார். வண்டியைக் கவிழ்த்துப் போட்டார். நான் கொண்டுபோன புது டயரைப் பார்த்துச் சிரித்தார்.

"இருவத்துநாலுன்னு போட்டா போதுமா சார்? இருவத்துநாலுலயே நாலு தினுசு கீது. இது சைக்கிள்து. பக்கத்துல சின்னதா இன்னொரு நம்பர் இருக்கும், அத்தான் பாக்கணும். உங்க வண்டிக்கு ஐந்நூத்தி நாப்பது." ஈரத்துணியால் பழைய டயரைத் துடைத்து அந்த எண்ணைக் காட்டினார். கண்ணாடியைக் கழற்றி, டயரை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துத்தான் என்னால் படிக்க முடிந்தது.

பிறகு முன்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். கிறீச்சிட்டது. அச்சைக் கழற்றி, பிளேடால் எதையோ நெம்பி இழுத்தார். முடி. அச்சைச் சுற்றி இறுக்கமாகச் சுருண்டிருந்த நீள முடி. கறுப்பும் வெள்ளையுமாக வந்துகொண்டே இருந்தது. பாய் அதைக் கீழே போடப் போனார். நான் கையை நீட்டினேன். என் உள்ளங்கையில் வைத்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சக்கரத்தைத் திரும்பச் சுற்றினார். சத்தமே இல்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது இடது சக்கரம். டயரைப் பிரித்து டியூப்பை உருவினார். வெளிச்சத்தில் பிடித்தார்.

"டியூப் அப்படியே கீது சார். இதையே போட்டுக்கலாம். ஒரு ஒட்டுகூட இல்ல பாருங்க."

ஒட்டு இல்லை. நான் வாங்கிச் சுற்றிலும் தடவிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

"நீங்கதானே எத்தனையோ தடவை பஞ்சர் ஒட்டிக் கொடுத்தீங்க?"

பாய் ஸ்பானரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா போயிட்டாங்க. இனிமே சொன்னா இன்னா சார்? மொத தபா தண்ணில முக்குனப்பவே ஒரு குமிழி வரல. ரெண்டாவது தபாவும் வரல. அடுத்த வாரம் அக்கா சந்தைலேர்ந்து திரும்பி வரசொல்ல கடைல நின்னாங்க. யாரோ காத்த எறக்கறாங்கக்கா, தெருப்பசங்களா பாருங்கன்னு சொன்னேன். எனக்குத் தெரியும் பாய், எங்க அண்ணன்தான்னாங்க. அவருக்கு பயம், கேட்டா ரொம்ப சங்கடப்படுவாரு, நீங்க பஞ்சர்னே சொல்லிடுங்கன்னாங்க. நானும் சொல்லிகினு இருந்தேன்."

தெருவில் ஷேர் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை ஆனால் இருமல் வந்துவிடுகிறது என்று அவள் கேட்டது அப்போதுதான் எனக்கு முழுதாகக் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, நான் முடிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

பாய் பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, பிரேக்கைக் காட்டினார். "இதையும் டைட் பண்ணணும் சார். இந்தக் கட்டை வந்து டயரைத்தான் அமுக்கும். டயர்ல காத்து இருந்தாத்தான் புடிக்கும். காத்து கம்மியாயி, டயரும் தேஞ்சிருந்தா சும்மா தொட்டுகினு நிக்கும், அவ்ளோதான். ஏறசொல்ல வண்டி திரும்பிரும். விழுந்து கிழுந்து வைக்கப்போறீங்க."

அவர் என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியாது. எனக்குத் தெரிந்தது. தங்கை விழுந்த அன்று நான் ஓடிப் போனபோது வண்டி நேராகப் பின்னால் வழுக்கிப் போயிருக்கவில்லை. ஒரு சக்கரம் நின்ற இடத்திலேயே நிற்க, சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அவளைத் தூக்க நான் தரையில் மண்டியிட்டேன். எழுந்தபோது என் வேட்டியில் ஈரம் இல்லை. வேட்டி காய்ந்துதான் இருந்தது என்பது எனக்கு அன்றே தெரியும். தெரிந்துகொண்டேதான் ஈரம் என்று கத்தினேன்.

"இன்னா சார் ஒரு மாதிரி ஆயிட்டீங்க? தண்ணி குடிங்க" என்றார் பாய். பிறகு, "பேசாம சாலிட் டயர் போட்டுருங்க. முழு ரப்பர். காத்தே வேணாம், பஞ்சரும் இல்ல, ஒண்ணும் இல்ல. கொஞ்சம் குலுங்கும், அவ்ளோதான். சொன்னா ரெண்டு நாள்ல வரவழைக்கறேன்" என்றார்.

சரி, அதையே போடுங்கள் என்றேன். வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. காற்றே இல்லாத டயர் வீட்டுக்கு வந்துவிட்டால் காற்றைப் பற்றி யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை. பாய் வாயைத் திறக்கமாட்டார். தங்கை போய்விட்டாள். விஷயம் என்னோடு முடிந்துவிடும்.

அப்போது மனைவி கையில் பையோடு வந்தாள். என்ன டயர் என்று கேட்டாள். பாய் விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஈரத் தரையில வழுக்காதுல்ல பாய்?"

"வேணாம். காத்து டயரே போடுங்க" என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். குலுங்கினால் காயம் வலிக்கும் என்று ஏதோ உளறினேன். கறுப்பா சாம்பலா என்று பாய் கேட்டார். கறுப்பு தரையில் கோடு போடும், துடைக்கிறவளுக்குக் கஷ்டம் என்று சாம்பல் நிறம் சொன்னேன்.

வியாழக்கிழமை டயர் மாட்டினார்கள். வண்டி நேராகப் போனது. சத்தம் இல்லாமல் போனது. அன்று சாயங்காலம் மனைவி வழக்கம்போலத் துடைத்து, ஃபேன் போட்டு, தரையைத் தடவிப் பார்த்தாள். அன்றே சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பதினொன்றரை மணி இருக்கும். தங்கையின் பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். இருமலில் ஆரம்பித்து வேட்டி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கேட்டாள்.

"அன்னைக்குத் தரை காஞ்சிருந்துச்சா?"

"காஞ்சிருந்துச்சு."

எழுந்து போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். வாளி நிறையத் தண்ணீரோடு வந்தாள். என் வண்டியைச் சுற்றிக் கொட்டினாள். சக்கரத்துக்கு அடியில் தண்ணீர் ஓடியது.

"பிரேக் போடுங்க."

போட்டேன். இரண்டு கையாலும் என்னைத் தள்ளினாள். வண்டி அசையவில்லை. தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். அசையவில்லை. பிறகு துணி எடுத்து அவ்வளவு தண்ணீரையும் ஒற்றி எடுத்தாள். சக்கரத்தையும் துடைத்தாள். மண்டியிட்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"இப்பக் காத்த எறக்குங்க."

டப்பாவிலிருந்து அந்தச் சாவியை எடுத்தேன். எதுவென்று தேட வேண்டியிருக்கவில்லை. இடது டயரின் ஊசியை அமுக்கினேன். இந்த முறை இருமவில்லை. அதே சத்தம், அதே கூடத்தில். பாத்ரூம் கதவு மூடித்தான் இருந்தது. உள்ளே யாரோ ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. திறந்து பார்க்கச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

"போதுமா?" என்றேன்.

"அன்னைக்கு எவ்வளவு எறக்கினீங்களோ, அவ்வளவு."

இறக்கினேன். அவள் ஒரு கையால் தள்ளினாள். பிரேக் போட்டபடியே வண்டி சுவர்ப்பக்கம் திரும்பியது. நான் சரிந்தேன். என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"மூணு வருஷம்" என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

கையை எடுத்துக்கொண்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்ப நிரப்பினாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக உள்ளறையிலிருந்து வீட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். துணி பிழியும் சத்தம் அறை அறையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிரேக் பிடிக்காத வண்டியிலிருந்து நான் இறங்கவும் முடியாது, காற்றில்லாத சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு எங்கேயும் போகவும் முடியாது. பாய் ஷட்டரை இறக்குவது தெரு முனையிலிருந்து கேட்டது. மூன்று மணிக்குத்தான் திறப்பார். பம்பு பரணில் இருந்தது. அதை அங்கே வைத்தது நான்தான்.